புகைப்பழக்கத்தைக் கைவிடச் சுற்றத்தாரின் துணை: நோயாளிகளுக்கும் பராமரிப்போருக்குமான விளக்கம்

புகைப்பழக்கத்தைக் கைவிடுவது முற்றிலும் தனிமனிதரின் மன உறுதியைச் சார்ந்தது என்று பலரும் கருதுகின்றனர். மன உறுதி இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. எனினும், உடனிருப்போரின் துணை, பயிற்சி பெற்ற ஆலோசகரின் வழிகாட்டுதல், தேவையெனில் மருந்து ஆகிய மூன்றும் சேரும்போது வெற்றி பெறும் வாய்ப்பு உயர்கிறது. பூந்தமல்லியிலும் அதனைச் சூழ்ந்த அம்பத்தூர், ஆவடி, திருமழிசை பகுதிகளிலும் வாழும் குடும்பத்தினர், நண்பர்கள், உடன் பணிபுரிவோர் இத்துணையை எவ்வாறு வழங்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும், உதவியை எங்கே பெறலாம் என்பன இப்பக்கத்தில் விளக்கப்படுகின்றன.

தனியாக விடுவது ஏன் கடினமாகிறது?

சிகரெட்டு, பீடி ஆகியவற்றின் புகையிலுள்ள நிக்கோட்டின், உள்ளிழுத்த சில நொடிகளிலேயே மூளையை அடைகிறது. நாளடைவில் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. புகைப்பதை நிறுத்தியதும் எரிச்சல், பதற்றம், மனச்சோர்வு, கவனம் சிதறுதல், தூக்கக் குறைவு, மிகுந்த பசி ஆகியவை தோன்றுகின்றன. இவை பெரும்பாலும் முதல் வாரத்தில் உச்சத்தை எட்டி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிகின்றன. இவை உடல் நிக்கோட்டினிலிருந்து விடுபடுவதன் அறிகுறிகளே. புதிய நோய் அல்ல.

இப்பழக்கத்திற்கு மற்றொரு பக்கமும் உண்டு. பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடை, தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து வெளியே வரும் நேரம், உணவுக்குப் பின் நண்பர் நீட்டும் ஒரு சிகரெட்டு என ஒவ்வொரு புகைத்தலும் ஓர் இடத்தோடும் சில மனிதர்களோடும் பிணைந்துள்ளது. நிக்கோட்டின் உடலை விட்டு நீங்கிய பின்னும் இந்தப் பிணைப்பு நீடிக்கிறது. அதே கடை, அதே நண்பர், அதே நேரம் மீண்டும் வரும்போது விருப்பம் எழுகிறது. ஆகவே, மனிதர்களோடு சேர்ந்து உருவான பழக்கத்தை விடுவதற்கும் மனிதர்களின் துணை தேவைப்படுகிறது.

2016–17ஆம் ஆண்டு நடத்தப்பட்ட உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். இந்திய அளவில், புகைப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் அதனைக் கைவிட எண்ணியிருந்தனர். ஆனால் கைவிட முயன்றவர்களில் பெரும்பான்மையோர் எந்த உதவியும் இன்றியே முயன்றுள்ளனர். விருப்பம் இருந்தும் துணை கிடைக்காமையே இங்கு நிலவும் பெரிய இடைவெளியாகும்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

அமெரிக்காவின் பிரேமிங்காம் இதய ஆய்வில் 1971 முதல் 2003 வரை கண்காணிக்கப்பட்ட 12,067 பேரின் உறவுகளையும் புகைப்பழக்கத்தையும் ஆராய்ந்த கட்டுரை 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன்படி, வாழ்க்கைத் துணை புகைப்பதை நிறுத்தினால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு குறைந்தது. நண்பர் நிறுத்தியபோது 36 விழுக்காடும், சிறிய நிறுவனங்களில் உடன் பணிபுரிபவர் நிறுத்தியபோது 34 விழுக்காடும், உடன்பிறந்தவர் நிறுத்தியபோது 25 விழுக்காடும் குறைந்தது. ஒரே சூழலில் வாழ்வோருக்கு ஒரே வகையான மாற்றம் நேர்வதும் இதற்கு ஓரளவு காரணமாகலாம். ஆயினும், மக்கள் தனித்தனியாக அன்றிக் குழுவாகவே புகைப்பதைக் கைவிட்டனர் என்பது இவ்வாய்வில் தெளிவாகத் தெரிந்தது.

பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் மதிப்பாய்வுகள், தாமே படித்து விட முயல்வோரைவிடக் குழு ஆலோசனையில் பங்கேற்போர் அதிக அளவில் வெற்றி பெறுகின்றனர் என்று காட்டுகின்றன. நேர்முகத் தனி ஆலோசனையும் பயன் தருகிறது. மருத்துவர் சில நிமிடங்கள் கூறும் அறிவுரைகூட, கைவிடுவோரின் எண்ணிக்கையைச் சிறிதளவு உயர்த்துகிறது.

அதே வேளையில், வாழ்க்கைத் துணைக்குத் தனியே பயிற்சி அளிக்கும் திட்டங்கள் வெற்றி விகிதத்தைத் தெளிவாக உயர்த்தியதாக ஆய்வுகள் நிறுவவில்லை. இதனைப் பராமரிப்போர் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். குடும்பத்தின் அன்பு பயனற்றது என்பது இதன் பொருளன்று. குடும்பத்தின் துணை மட்டுமே போதும் என்று இருந்துவிடாமல், அதனோடு ஆலோசனையையும் மருத்துவத்தையும் சேர்க்க வேண்டும் என்பதே இதன் பொருள். மேலும், துணையின் அளவைவிட அதன் தன்மையே முதன்மையானது. ஊக்கமூட்டும் நடத்தை கைவிடுதலோடும், ஓயாத குறைகூறல் மீண்டும் புகைத்தலோடும் தொடர்புடையவை எனக் கண்டறியப்பட்டுள்ளது.

துணை நான்கு வகையில் உதவுகிறது

• விருப்பம் எழும் நேரத்தைக் கடத்த உதவுகிறது. புகைக்கும் விருப்பம் பெரும்பாலும் சில நிமிடங்களே தீவிரமாக நிற்கும். அந்நேரத்தில் ஒருவர் பேச்சுக் கொடுத்தாலோ சிறிது தூரம் உடன் நடந்தாலோ, அது தானே அடங்குகிறது.

• தூண்டும் பொருள்களையும் சூழலையும் அகற்றுகிறது. வீட்டில் தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம், மீதமுள்ள பீடிக்கட்டு ஆகியவை கண்ணில் படாதிருந்தால், எண்ணாமலே கை நீளும் வாய்ப்புக் குறைகிறது.

• எடுத்த முடிவைப் பொறுப்புள்ளதாக்குகிறது. தாம் குறித்த நாளைப் பிறர் அறிந்திருக்கிறார்கள், மறுநாள் கேட்பார்கள் என்னும் எண்ணம் முடிவை உறுதியாக்குகிறது.

• சிகிச்சை இடையில் நின்றுவிடாமல் காக்கிறது. மருந்தை உரிய காலம் வரை பயன்படுத்தவும், ஆலோசகரின் அழைப்பை ஏற்கவும், மருத்துவரை மீண்டும் சந்திக்கவும் நினைவூட்டுவோர் தேவை.

காலத்திற்கேற்பக் குடும்பத்தார் செய்யத்தக்கவை

நாள் குறிப்பதற்கு முன்

முடிவை எடுக்க வேண்டியவர் புகைப்பவரே. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் ஒரு நாளை அவரே தேர்ந்தெடுக்கட்டும். குடும்ப விழா, பணி நெருக்கடி ஆகியவை இல்லாத நாளாக இருப்பது நல்லது. "நான் என்ன செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்? எதைச் செய்தால் எரிச்சல் வரும்?" என்ற இரு கேள்விகளையும் முன்னதாகவே கேட்டறியுங்கள். சிலர் நாள்தோறும் விசாரிப்பதை விரும்புவர். சிலர் அதைக் கண்காணிப்பாக எண்ணி வருந்துவர்.

முதல் நாளும் முதல் வாரமும்

மீண்டும் புகைக்கும் ஆபத்து இந்நாட்களில்தான் மிகுதி. எரிச்சலில் சொல்லப்படும் கடுஞ்சொற்களை அப்போதே விவாதிக்க வேண்டாம். பொறுப்புகளில் சிலவற்றை ஏற்றுக்கொண்டு அவரது சுமையைக் குறையுங்கள். தண்ணீர், வெள்ளரிக்காய், கேரட்டுத் துண்டுகள், சோம்பு, கிராம்பு போன்றவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். உணவு முடிந்ததும் இருவரும் தெருவில் சற்று நடந்து வரலாம்.

தேநீரையும் காப்பியையும் குறைத்துக்கொள்வது நல்லது. புகைப்பதை நிறுத்தியபின் காப்பியிலுள்ள கஃபீன் உடலில் கூடுதல் நேரம் தங்குவதால், பழைய அளவே படபடப்பையும் தூக்கமின்மையையும் உண்டாக்கலாம். அத்துடன், தேநீர் வேளையே பலருக்குப் புகைக்கும் வேளையாகவும் இருந்திருக்கும்.

முதல் மூன்று மாதங்கள்

உடல்நலக் குறைவு தணிந்ததும் சுற்றத்தாரின் கவனமும் குறைந்துவிடுவது இயல்பு. ஆனால் திருமணம், திருவிழா, துக்க வீடு, நண்பர்களின் விருந்து, மது அருந்தும் இடம் ஆகியவை இக்காலத்தில் பலரை வீழ்த்துகின்றன. அத்தகைய இடங்களுக்குச் செல்லும் முன், யாராவது சிகரெட்டை நீட்டினால் என்ன சொல்வது என்பதை முன்னதாகவே பேசி முடிவு செய்யுங்கள். புகைக்காத உறவினர் ஒருவர் உடன் செல்வது நலம்.

ஓராண்டு வரை

ஒரு வாரம், ஒரு மாதம், நூறு நாள் எனக் கடந்தவற்றைக் குடும்பமாகக் குறித்துப் பாராட்டுங்கள். புகைக்குச் செலவாகியிருக்கக்கூடிய தொகையை ஓர் உண்டியலில் சேர்த்துவந்தால், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். உடலும் மாறுகிறது. நிறுத்திய ஓரிரு நாட்களில் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடின் அளவு இயல்புக்குத் திரும்புகிறது. இரண்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் இரத்த ஓட்டம் மேம்படுகிறது. ஓராண்டில் இதயத் தமனி நோய்க்கான கூடுதல் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது.

சொல்லும் விதம்

நல்ல நோக்கத்தோடு சொல்லப்படும் சொல்லும் சில நேரம் எதிர்விளைவை உண்டாக்கும். கீழுள்ளவை எடுத்துக்காட்டுகள்.

• "எத்தனை முறைதான் விடுவீங்க? உங்களால முடியாது" என்பது மனத்தைத் தளர்த்தும். "ஏங்க, இன்னைக்கு மூணாவது நாள். இதுதான் கஷ்டமான நாளுன்னு டாக்டர் சொன்னாரு, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்பது தாங்கும்.

• "வாயை ஊது, மோந்து பாக்குறேன்" என்று மகனைச் சோதிப்பது மறைக்கவே கற்றுத்தரும். "கஷ்டமா இருந்தா அம்மாகிட்ட சொல்லுப்பா, திட்ட மாட்டேன்" என்பது உண்மையைப் பேச இடமளிக்கும்.

• "ஒண்ணு அடிச்சா ஒண்ணும் ஆகாதுண்ணே" என்று நண்பர் வற்புறுத்துவது தீங்கு. "அண்ணே, நீங்க விட்டது எனக்கும் தெம்பா இருக்கு. வாங்க, டீயை மட்டும் குடிச்சிட்டுப் போவோம்" என்பது துணை.

கண்ணீர், சத்தியம் வாங்குதல், பிள்ளைகள் மீது ஆணையிடச் செய்தல் ஆகியவற்றைத் தவிர்க்கவும். சத்தியம் தவறினால், தவறியதை மறைக்க வேண்டிய நிலை ஏற்படும். உதவி கேட்கும் வழி அத்துடன் அடைபடும்.

வீடும் பணியிடமும்

வீட்டிற்குள் எவரும், விருந்தினர் உட்பட, புகைப்பதில்லை என்னும் விதியை வகுத்துக்கொள்ளுங்கள். இது விடுபவருக்குத் துணையாவதோடு, குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் பிறர் விடும் புகையிலிருந்து காக்கிறது. மாடியில் அல்லது சன்னலருகே புகைத்தாலும் புகை வீட்டிற்குள் பரவக்கூடும். வீட்டில் வேறொருவரும் புகைப்பவராக இருந்தால், இருவரும் ஒரே நாளில் நிறுத்துவது சிறந்தது. அதற்கு அவர் இசையாவிடில், விடுபவர் முன் புகைக்காமலும், சிகரெட்டு, பீடியை அவர் கண்ணில் படும்படி வைக்காமலும் இருக்கக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகரெட்டு வாங்கி வரப் பிள்ளைகளைப் பெட்டிக்கடைக்கு அனுப்பாதீர்கள். 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பது 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குற்றமாகும். அதைவிட, அப்பாவுக்காக வாங்கப் பழகும் கை பின்னாளில் தனக்காகவும் வாங்கக்கூடும்.

அம்பத்தூர், திருமழிசை தொழிற்பேட்டைகளைப் போன்ற இடங்களில் புகை இடைவேளையே நட்பின் நேரமாகவும் அமைந்துவிடுகிறது. புகைப்பதை நிறுத்துபவர், நண்பர்களையும் இழந்துவிடுவோமோ என அஞ்சுகிறார். உடன் பணிபுரிவோர் அவரை ஒதுக்காமல், இடைவேளையைப் புகையில்லாத இடத்தில் கழிக்கலாம். ஒரே பிரிவில் இருவர் அல்லது மூவர் சேர்ந்து நாள் குறித்து நிறுத்துவது இன்னும் நல்லது. பணியிடங்கள் உள்ளிட்ட பொது இடங்களில் புகைப்பது 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி தடைசெய்யப்பட்டுள்ளது என்பதை மேலாளர்கள் செயல்படுத்த வேண்டும்.

குடும்பத்தைப் பிரிந்து அறை எடுத்துத் தங்கியிருப்போருக்குத் துணை எளிதில் கிட்டுவதில்லை. அவர்கள் ஊரிலுள்ள மனைவி, தாய் அல்லது நண்பரிடம் நாள்தோறும் ஒரு குறித்த நேரத்தில் தொலைபேசியில் பேசுவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். கீழே தரப்பட்டுள்ள இலவசத் தொலைபேசி ஆலோசனையையும் பயன்படுத்தலாம்.

மீண்டும் புகைத்துவிட்டால்

ஒரு முறை தவறுவது பழக்கம் முழுதும் திரும்பிவிட்டதாகப் பொருள்படாது. பலர் பன்முறை முயன்ற பின்னரே நிலையாக விடுகின்றனர். அன்றே மீண்டும் நிறுத்துவதுதான் முதன்மையானது. "எந்த இடத்தில், யாரோடு, என்ன மனநிலையில் நேர்ந்தது?" என்று அமைதியாகப் பேசி, அடுத்த முறை அச்சூழலை எவ்வாறு எதிர்கொள்வது எனத் திட்டமிடுங்கள். பாக்கெட்டில் எஞ்சியவற்றை உடனே அகற்றுங்கள். ஓரிரு நாட்களில் நிறுத்த இயலாவிட்டால், ஆலோசகரை அழையுங்கள்.

மருந்துகளும் குடும்பத்தின் பங்கும்

நிக்கோட்டின் மெல்லும் பசை, ஒட்டுப்பட்டை ஆகியவை உடலுக்குப் புகையின்றிக் குறைந்த அளவு நிக்கோட்டினை அளித்து, விலகல் அறிகுறிகளைத் தணிக்கின்றன. புப்ரோபியான், வரெனிக்லின் ஆகிய மாத்திரைகளை மருத்துவரின் பரிந்துரையின்றி உட்கொள்ளக் கூடாது. கருவுற்றோர், அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டோர், வலிப்பு நோயுள்ளோர் எந்த மருந்தையும் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நிக்கோட்டின் பசையைச் சாதாரண மிட்டாய்ப் பசையைப் போலத் தொடர்ந்து மெல்லலாகாது. காரச் சுவை தோன்றும்வரை மெதுவாக மென்று, பின்னர் கன்னத்திற்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். சுவை மறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். பயன்படுத்துவதற்கு 15 நிமிடங்களுக்கு முன்பும், பயன்படுத்தும்போதும் தேநீர், காப்பி, பழச்சாறு, குளிர்பானம் அருந்தினால் மருந்து சரிவர உறிஞ்சப்படாது. "பசை போட்டும் பயனில்லை" என்று சொல்வோரில் சிலருக்குத் தவறான பயன்பாடே காரணமாக இருக்கலாம். வீட்டார் இதைக் கவனிக்கலாம்.

மின்னணு சிகரெட்டு இதற்கு மாற்றாகாது. இந்தியாவில் அதன் உற்பத்தி, விற்பனை, விளம்பரம் ஆகியவை 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளன. சிகரெட்டை விட்டுப் பீடிக்கோ மெல்லும் புகையிலைக்கோ மாறுவதும் கைவிடுதலாகாது.

வேறு நோய் உள்ளவர்களைப் பராமரிப்போர் கவனத்திற்கு

• காசநோய்: புகைத்தல் சிகிச்சையின் பலனைக் குறைப்பதோடு, நோய் திரும்பவும் வாய்ப்பளிக்கிறது. காசநோய் மருந்தை நினைவூட்டுபவரே புகைவிடும் முயற்சிக்கும் துணையாகலாம்.

• இதய நோய், பக்கவாதம், நீரிழிவு: இவர்கள் புகைப்பதைக் குறைத்தால் மட்டும் போதாது, முழுமையாக நிறுத்த வேண்டும்.

• நாட்பட்ட நுரையீரல் நோய்: நிறுத்திய முதல் சில வாரங்களில் சிலருக்கு இருமல் கூடலாம். அதைக் காரணமாக்கி மீண்டும் தொடங்க வேண்டாம். சளியில் இரத்தம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

• மனநலச் சிகிச்சை பெறுவோர்: குளோசபின், ஓலன்சபின் போன்ற மருந்துகளின் அளவு, புகைப்பதை நிறுத்தியபின் இரத்தத்தில் உயரக்கூடும். ஆஸ்துமாவுக்கான தியோபிலினுக்கும் இது பொருந்தும். நிறுத்தும் நாளை மருத்துவரிடம் முன்னதாகவே தெரிவியுங்கள். மருந்தளவைத் தாமாக மாற்ற வேண்டாம்.

எங்கே உதவி பெறலாம்?

• தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இச்சேவை கட்டணமற்றது, தமிழிலும் பேசலாம். சிகரெட்டு, பீடி, புகையிலைப் பாக்கெட்டுகளின் மீது இவ்வெண் அச்சிடப்பட்டுள்ளது. முதல் அழைப்பில் நிறுத்தும் நாள் திட்டமிடப்படும். பின்னர் ஆலோசகரே மீண்டும் அழைத்து விசாரிப்பார்.

• 011-22901701 என்ற எண்ணுக்குத் தவறிய அழைப்பு கொடுத்தால், ஊக்கமூட்டும் குறுஞ்செய்திகளைப் பெறும் திட்டத்தில் சேரலாம்.

• மனச்சோர்வு, பதற்றம், தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் தோன்றினால், டெலி மானஸ் 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். உடல்நல ஆலோசனைக்கு 104.

• பூந்தமல்லி அரசு மருத்துவமனையிலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவரிடம், "புகைப்பதை விட விரும்புகிறேன், உதவுங்கள்" என்று நேரடியாகக் கேளுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை வாங்கச் செல்லும் நாளிலேயே இதையும் கேட்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கு வரும் பணியாளரிடமும் தெரிவிக்கலாம்.

• சென்னை அடையாறு புற்றுநோய் மையத்தில் 2002ஆம் ஆண்டு முதல் புகையிலை நிறுத்தச் சிகிச்சைப் பிரிவு இயங்கி வருகிறது. உலக சுகாதார அமைப்பின் துணையோடு இந்தியாவில் முதலில் அமைக்கப்பட்ட இத்தகைய 13 பிரிவுகளுள் இதுவும் ஒன்று.

இயன்றால், முதல் சந்திப்புக்கு நோயாளியுடன் குடும்பத்தில் ஒருவர் செல்லுங்கள். ஆலோசகர் கூறுவதை இருவரும் கேட்டிருந்தால், வீட்டில் வீண் வாதம் எழாது.

பராமரிப்போரின் நலம்

உங்கள் கணவரோ தந்தையோ மகனோ புகைப்பதை நிறுத்தாததற்கு நீங்கள் பொறுப்பல்ல. நீங்கள் துணை நிற்கலாம். அவருக்காக நீங்கள் விட முடியாது. அவர் இன்னும் ஆயத்தமாகவில்லை என்றால், வாதத்தை நிறுத்தி, வீட்டைப் புகையற்றதாக வைத்து, உதவி எண்ணை அவருக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள். புகைவிடும் எரிச்சலைக் காரணம் காட்டி உங்களை அடிப்பதையோ இழிவுபடுத்துவதையோ பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அத்தகைய நிலையில் பெண்கள் உதவி எண் 181ஐ அழைக்கலாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• முடிவு அவருடையது, துணை உங்களுடையது.
• குறைகூறலைவிடப் பாராட்டு பயன் தரும்.
• முதல் வாரம் மிகக் கடினம். மூன்று மாதங்கள் வரை கவனம் தேவை.
• குடும்பத்தின் துணையோடு ஆலோசனையும் மருந்தும் சேரட்டும்.
• தவறினால் அன்றே மீண்டும் தொடங்குங்கள்.
• உதவிக்கு: 1800-11-2356.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் உடல்நிலைக்கேற்ற சிகிச்சையை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யவும்.